வெல்டு வைத்த ஸ்பிரிங்கோடு கொல்லிமலைக்கு

ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஆறு பத்துக்குக் கரூரில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். நானும் என் கணவர் தங்கவேலும் மட்டும்தான். மகள்கள் இருவரையும் முந்தின நாளே நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வரும்போது காரின் பின் இருக்கை முழுவதும் என் தங்கை வனிதாவுக்கு வேண்டும்.

வனிதா கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மலையில் பல சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அவளுக்கு ஏழாம் மாதம். கணவனுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை, லீவு கிடைக்கவில்லை. போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் அவளுக்கு ஒரு கரு கலைந்து போயிற்று. அதனால் இந்த முறை கரூர் டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "இப்பவே கீழ கூட்டிட்டு வந்துடுங்க. மெதுவா வாங்க, ரொம்பக் குலுங்காம பாத்துக்குங்க."

எங்கள் காரில் குலுங்காமல் வருவது லேசில்லை. பதினோரு வருஷத்து வண்டி. ஒரு வருஷமாகவே அதில் உட்கார்ந்தால் மாட்டு வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் இடுப்பு வரை தூக்கிப் போடும். போன வருஷம் முன்பக்க ஸ்பிரிங் உடைந்து, என் கணவர் புதிது மாற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் அப்படியே இருந்ததால், வயதான வண்டி இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் பழகிக்கொண்டேன். முந்தின இரவு அவர், "வாடகைக் கார் பேசிக்கலாமா மீனா?" என்று கேட்டார். வாடகை டிரைவர்கள் மலையில் ஓட்டும் வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும். மலைப் பயணம் என்றால் எப்போதும் நான்தான் ஓட்டுவது.

நாமக்கல் போகும் வழியில் இருக்கும் வேலூரில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் நல்ல தண்ணீர். ஏழேகாலுக்கு நாமக்கல். அங்கே ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு சேந்தமங்கலம் சாலையைப் பிடித்தோம். ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏறினேன். இறங்கும்போது இடது முன் சக்கரத்தின் பக்கமிருந்து இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே ஏதோ இழுத்துக்கொண்டு விடுபட்டது.

எட்டு ஐந்துக்கு சேந்தமங்கலம் பஸ் நிலையத்தைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு கார் பட்டறையில் நிறுத்தினேன். வீட்டிலிருந்து அதுவரை ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். பட்டறைக்காரர் பெயர் செல்வராஜ். ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் மனைவி பூங்கொடி அப்போதுதான் கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். எதிரே கொல்லிமலை பாதிக்கு மேல் மேகத்தில் இருந்தது.

செல்வராஜ் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இந்த வண்டியிலயா மலை ஏறலாம்னு வந்தீங்க?"

"ஆமாங்க."

"இங்க வந்து பாருங்க."

பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே இருக்கும் சுருள் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துண்டாகி நின்றது. உடைந்த முனை ஆணி மாதிரி கூராக வெளியே நீண்டிருந்தது. அவர் கழற்றிய சக்கரத்தைத் திருப்பிக் காட்டினார். டயரின் உட்பக்கத்தில் வட்டமாக ஒரு கீறல், விரல் நுனி பதியும் ஆழத்துக்கு. அதன் அடியில் டயருக்குள் இருக்கும் நூல் வெள்ளையாகத் தெரிந்தது.

"இன்னைக்குக் காலைல ஒடஞ்சதுங்க. அதுக்குள்ள இவ்வளவு அறுத்திருக்குது. நேரா மேல ஏறியிருந்தீங்கன்னா பத்தாவது வளைவு தாண்டறதுக்குள்ள டயரு வெடிச்சிருக்கும்."

"போன வருசந்தாங்க இதப் புதுசா மாத்துனோம்," என்றேன்.

செல்வராஜ் என் கணவரை ஒரு முறை பார்த்தார். பிறகு உடைந்த இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். அதன் பக்கத்திலேயே, வேர் முடிச்சு போலப் புடைத்த ஒரு மேடு.

"இது புதுசில்லீங்கம்மா. ஒடஞ்சத வெல்டு வெச்சு ஒட்டியிருக்குது. ஸ்பிரிங்குக்கு வெல்டு வெச்சா அப்புறம் அது ஸ்பிரிங்கு இல்லீங்க, வெறும் கம்பி. அமுங்கி எழாது. வெல்டுக்குப் பக்கத்துலயே மறுபடி ஒடையும்."

கரூர் பட்டறைக்காரர் எங்களை ஏமாற்றிவிட்டார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆத்திரத்தில் கைப்பையிலிருந்து போனை எடுத்து அவருடைய எண்ணைத் தேடினேன். என் கணவர், "அவருக்குப் போன் பண்ணாத மீனா," என்றார்.

"ஏனுங்க? பண்ணாம விடறதா?"

"அவரு மாத்தணும்னுதான் சொன்னாரு. நாந்தான் வெளிய கொண்டுபோயி வெல்டு வெச்சேன்."

எதிர் டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்த சத்தம்கூட எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். உடைந்த அன்று ஸ்பிரிங் ஸ்டாக் இல்லை, வர இரண்டு நாள் ஆகும் என்றார்களாம். மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பு. ஒரு மில்லுக்குப் பக்கத்தில் இருந்த வெல்டிங் கடையில் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும் நான், "மாத்தியாச்சுங்களா?" என்று கேட்டேனாம். "ஆச்சு" என்றாராம். அடுத்த வாரம் உண்மையிலேயே மாற்றிவிடலாம் என்று நினைத்தாராம்.

"அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்றது கஷ்டமாயிருச்சு. அதான் நேத்து வாடகைக் கார் பேசலாம்னேன்."

"எத்தன மாசம்?" என்றேன். திருமணமாகிப் பதினாறு வருஷத்தில் அவரிடம் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் முறை.

"பதினாலு."

பதினாலு மாதமும் நான் அந்த வண்டியில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டேன். பழனிக்குப் போனோம், பைபாஸில் எண்பதில் ஓட்டினேன். பின் இருக்கையில் சின்னவள் காலை நீட்டித் தூங்கினாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வாசலில் கிடந்த பழைய லாரி டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பூங்கொடி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஏன், என்ன என்று எதுவும் கேட்கவில்லை.

"மலைக்கு யாரப் பாக்கப் போறீங்க கண்ணு?"

சொன்னேன்.

"அப்ப அழுதுட்டு உக்காந்திருந்தா நேரம் போயிரும். என்ன என்ன வேணும்னு கேட்டுக்கிட்டு நான் நாமக்கல் போயி வாங்கியாறேன்."

செல்வராஜ் நான்கு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். இடது பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், முன்னால் இரண்டு ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டும். நான்கு ஷாக் அப்சார்பரும் எண்ணெய் ஒழுகிக் காய்ந்துவிட்டன. மேலே தாங்கும் ரப்பர் மவுண்டிங் இரண்டும் பிய்ந்திருந்தன. டயரில் காற்றும் நாற்பது இருந்தது, முப்பதுதான் இருக்க வேண்டுமாம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது தெரியக் கூடாது என்று என் கணவர் அடித்து வைத்தது.

"கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங்கா போட்டா நல்லா உழைக்குங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"உழைக்கும், ஆனா தூக்கிப் போடுங்க. புள்ளத்தாச்சியக் கூட்டிட்டு வாரீங்க. கம்பெனியில வந்த அளவே போதும்."

எட்டே முக்காலுக்குப் பூங்கொடி ஸ்கூட்டரில் கிளம்பினார். திரும்பி வந்தபோது பதினொன்று ஐந்து. ஸ்பிரிங்குகளைச் சாக்கில் சுற்றிக் கால் வைக்கும் இடத்திலும், ஷாக் அப்சார்பர் பெட்டிகளைப் பின் சீட்டிலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பழைய போல்ட்டுகளைக் கழற்றும் முன் செல்வராஜ் அவை இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். ஸ்பிரிங்கைக் கவ்வி வைத்து அமுக்கும்போது எங்கள் இருவரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார். வழுக்கினால் ஆளைக் கொல்லும் என்றார். நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம். எனக்கும் அவருக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அவ்வளவு இடம் இருந்தது. வேலை முடிய இரண்டேகால் ஆயிற்று. கூலியோடு பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய். கீறிய டயருக்குப் பதில் ஸ்டெப்னியைப் பூட்டினார். நாளை நாமக்கல்லில் வீல் அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கினேன். வண்டி ஒரு தரம் அமுங்கி எழுந்து அடங்கியது. அவ்வளவுதான். அது எனக்கு நிம்மதியாக இல்லை. இவ்வளவு லேசாகத்தான் இது எப்போதும் இருந்திருக்க வேண்டும்.

மூன்று மணிக்குக் காரவள்ளி. அங்கிருந்து மலைப்பாதை, எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். முதல் கியரிலும் இரண்டாவதிலும் மாறி மாறி ஏறினேன். அவர் முன் இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பதினெட்டாவது வளைவில் மேலிருந்து அரசுப் பேருந்து வந்தது. கீழே ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். ஓரத்தில் இருந்த ஒரு பாறையையும் அதன் மேல் எழுதியிருந்த பெயிண்ட் எழுத்துகளையும் பார்த்தபோது இடம் அடையாளம் தெரிந்தது. போன வருஷம் இதே ஆகஸ்டில், ஐந்தாம் மாத வயிற்றோடு இருந்த வனிதாவை இந்தக் காரில்தான் கீழே கூட்டி வந்தேன். இங்கேதான் நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தப் பாறையில் கையை ஊன்றிக்கொண்டு வாந்தியெடுத்தாள். "அக்கா, வண்டி ரொம்பப் போடுது," என்றாள். பத்து நாள் கழித்துக் கரூரில் கரு கலைந்தது.

பேருந்து போய்விட்டது. நான் வண்டியை எடுக்கவில்லை.

"வனிதாவப் போன வருசம் கூட்டிட்டு வந்தமே. அப்பவும் இதேதானா?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் எத்தனையோ நாளாக எதிர்பார்த்திருக்கிறார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"அப்பவும் இதேதான்."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கையும் காலும் பழக்கத்தில் வேலை செய்ததால் வண்டி நகர்ந்தது. மீதி ஐம்பத்திரண்டு வளைவுகளை எப்படி ஏறினேன் என்று எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மேலே சோளக்காடு என்ற ஊரில் சந்தை கலைந்து, அன்னாசியும் மலை வாழையும் மட்டும் நாலைந்து குவியல் மிச்சமிருந்தன. குளிர்ந்த காற்று உள்ளே வந்த பிறகுதான் நான் கண்ணாடியை இறக்கியிருந்தது தெரிந்தது.

"அவகிட்ட நானே சொல்றேன்," என்றார் அவர். "அவ வண்டில ஏறதுக்கு முன்னாடி."

அவர் சொல்லக் கூடாது என்று என் ஒரு மனம் நினைத்தது. இந்த நிலைமையில் அவளிடம் போய் இதைச் சொல்வதா? சொல்லாமல் மறைத்தால் நானும் பதினைந்தாவது மாதத்தைத் தொடங்கி வைத்தவள் ஆவேன் என்றும் தோன்றியது.

நான்கு ஐம்பதுக்கு தேவனூர் நாட்டில் வனிதாவின் வீடு. சாலை அங்கே குறுகி, ஜல்லி பெயர்ந்து கிடக்கும். இரண்டு பக்கமும் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. வனிதா பையைக் கட்டிவைத்துவிட்டு வாசலில் நின்றாள். அவளோடு வீட்டுக்காரப் பெண்மணி சின்னப்பொண்ணு. மலையிலேயே பிறந்து, இந்த மிளகையும் மரவள்ளியையும் சாமையையும் விளைவிப்பவர். வனிதாவின் வாடகை வீட்டுக்கு அடுத்ததுதான் அவர் வீடு. காரைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று.

"அதே காராங்க? போன வருசம் இந்தக் காரு வந்தப்ப அந்த முக்குலயே சத்தம் கேட்டுது. இன்னைக்குக் கேக்கல."

"ஸ்பிரிங் மாத்திட்டு வந்தமுங்க," என்றேன்.

"மாத்துனது சரிங்க. நான் முதல்ல உக்காந்து பாக்கறேன். அப்புறந்தான் புள்ளைய ஏத்துவேன்."

சிரிப்பதற்கு எங்களுக்கு முகம் வரவில்லை. அவர் வீட்டுக்குள் போய் வாய் அகன்ற கிண்ணம் நிறையத் தண்ணீர் எடுத்து வந்து, பின் இருக்கையில் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டார். ஜல்லிச் சாலையில் அரை கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். இருக்கிற பள்ளத்திலெல்லாம் இறக்கச் சொன்னார். திரும்பி வந்து இறங்கும்போது அவர் சேலையில் ஒரு கையளவு ஈரம்.

"பரவால்ல. நம்ம ஊர் பஸ்ஸுல போனா பாதிக் கிண்ணம் காலியாயிரும். போலாம் சாமி," என்று வனிதாவின் கன்னத்தைத் தொட்டார்.

எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். வனிதா டீ போட எழுந்தாள். "உக்காரு வனிதா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் என் கணவர். ஒன்றையும் விடாமல் சொன்னார். வெல்டு, பதினாலு மாதம், போன வருஷம் அவளைக் கூட்டி வந்த அன்று உட்பட. தனக்குத் தெரியாது என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை. சின்னப்பொண்ணு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து வனிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வனிதா தன் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள்.

"குலுங்குனதால கலையலீங்க மாமா," என்றாள். "டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க. கொழந்தைக்கே வளர்ச்சி சரியில்ல, வண்டி ஆடுனதால எல்லாம் அப்படி ஆகாதுன்னு. அது எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்தார்.

"ஆனா தெரிஞ்சாலும் மனசு கேக்குமாங்க? அந்த வாரம் பைப்புல தண்ணி வரலன்னு நான் ரெண்டு கொடம் தூக்குனேன். அதனாலதான் போச்சுன்னு ஒரு வருசமா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லல. எல்லாரும் மனசுல ஒண்ணொண்ண வெச்சுக்கிட்டு இருந்திருக்கோம். நீங்க அப்பவே வாயத் திறந்திருந்தா நானும் அந்தக் கொடத்தப் பத்திச் சொல்லியிருப்பேன்."

அவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் எழுந்து அவர் பக்கம் போகவில்லை. வனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளை ஒரு வருஷம் தனியாக அந்தக் குடத்தைச் சுமக்க விட்டதில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு நாள்கூட நான் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை, கேட்டால் அழுவாள் என்று.

அன்று மேகம் இறங்கிவிட்டதால் அங்கேயே தங்கினோம். சின்னப்பொண்ணு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்தனுப்பினார்.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பினோம். வனிதாவைப் பின் இருக்கையில் இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, முதுகுக்கும் காலுக்கும் தலையணை வைத்து, சின்னப்பொண்ணு தானே கதவை மெதுவாகச் சாத்தினார். "எறங்குனதும் போன் போடு சாமி" என்றார், என்னைப் பார்த்தல்ல, அவளைப் பார்த்து.

இறக்கத்தில் பதினைந்துக்கு மேல் போகவில்லை. என் கணவர் அன்று கண்ணை மூடவில்லை. தலை சுற்றி வியர்த்து ஊற்றியது, ஆனாலும் சாலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். "முன்னால பள்ளம், வலப்பக்கம் ஒடி. ஈரம் இருக்குது, மெதுவா." நான் அவர் சொன்னபடியே ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது வனிதா வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பதினெட்டாவது வளைவு வந்ததும் நிறுத்தத் தோன்றியது. நிறுத்தவில்லை. எட்டரைக்குக் காரவள்ளி சோதனைச் சாவடியில் கட்டையைத் தூக்கும் சத்தத்தில்தான் அவள் விழித்தாள்.

"மலை எறங்கிட்டோமாக்கா?"

"எறங்கிட்டோம்."

நாமக்கல்லில் அலைன்மென்ட் பார்த்து முடித்து, நான்குவழிச் சாலையில் ஏறினோம். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் நேரானவை, வழவழவென்று இருப்பவை. மலையில் இருப்பவர்கள் பாதை மோசம் என்று தெரிந்து, வரும் வண்டியின் சத்தத்தைக் கேட்டே அது எப்படிப்பட்ட வண்டி என்று சொல்கிறார்கள். கரூரில் நான் பதினாலு மாதம் அந்த வண்டியையே ஓட்டினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் கண்டவற்றில் என்னை இன்னும் விடாமல் உலுக்குவது அதுதான், உடைந்த முனையோ அறுபட்ட டயரோ அல்ல. அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவரிடம் காரணம் இருக்கிறது, அது எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும். நான் ஏன் கேட்கவில்லை என்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வனிதாவைப் படுக்கவைத்து, வயிற்றில் பசை தடவிக் கருவியை வைத்தார். முதலில் காற்று அடிப்பது போலிருந்தது. பிறகு ஓட்டமாக ஓடும் சின்னச் சின்ன அடிகள் அறை முழுக்கக் கேட்டன.

"நல்லா இருக்கு. பயணத்துல ஒண்ணும் ஆகல," என்றார் டாக்டரம்மா.

வனிதா தலையைத் திருப்பி என்னைத் தேடினாள்.

"மாமா எங்கக்கா?"

"வெளிய நிக்கறாரு."

"உள்ள கூப்பிடு. அவரும் கேக்கட்டும்."

கதவைத் திறந்து, "வாங்க," என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரமாக நின்று கேட்டார்.